கதவைத் திறக்க யாரிடம் ஓட்டு கேட்பது?

(திருச்செங்கோட்டில் சேலம், நாமக்கல் பகுதி மாணவர்களும் இளம் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுநர் பற்றிப் பேச வேண்டும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டார்கள். ஆளுநர் என்றாலே இன்று நமக்கு நினைவுக்கு வருவது கிண்டி மாளிகையும் கையெழுத்தாகாமல் கிடக்கும் மசோதாக்களும்தான். தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் உச்ச நீதிமன்றம் வரை போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் இன்று பேசப்போவது வேறொரு ஆளுநரைப் பற்றி. அவர் இந்த மண்ணில் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவருடைய ஊருக்குப் போய்விடலாம். குமாரமங்கலம். ஜமீன்தார், டாக்டர் ப. சுப்பராயன். 1962இல் மகாராஷ்டிர மாநிலத்தின் ஆளுநராக இருந்தபோதே இறந்தவர்.

அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி பட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பட்டறை முதலாளி வயதானவர், நல்லாப் பழகக்கூடியவர். பேச்சு எப்படியோ குமாரமங்கலம் ஜமீன் பக்கம் போனது. அவருக்கு முகமெல்லாம் பெருமை. “அந்தக் காலத்துலயே சீமைக்குப் போயிப் படிச்சவருங்க. மங்களூர்ப் பக்கத்துப் பாப்பாரப் புள்ளையக் கட்டுனாருங்க. யாராச்சும் ஒரு வார்த்தை பேச முடிஞ்சுதுங்களா?” என்றார். நான் கேட்டேன்: “ஏனுங்க, இன்னைக்கு உங்க ஊட்டுப் புள்ளை வேற சாதிப் பையனைக் கட்டறேன்னு வந்து நின்னா?” அவர் பதில் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரே செயல், ஒருவர் செய்தால் ஊரே பெருமை பேசுகிறது, இன்னொருவர் செய்தால் தண்டவாளத்தில் பிணமாகக் கிடக்கிறார். இது எப்படி என்று புரிந்துகொள்ள சுப்பராயனின் வாழ்க்கை நமக்கு உதவும். அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்த நல்ல காரியங்கள் உண்டு, அவற்றையும் சொல்வேன். ஆனால் எது நம்மை விடுவித்தது, எது நம்மைக் காத்திருக்க வைத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வாழ்க்கைச் சுருக்கம். 1889 செப்டம்பர் 11இல் பிறந்தார். கொங்கு வேளாளக் கவுண்டர் ஜமீன் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். ராதாபாய் என்பவரைத் திருமணம் செய்தார். ராதாபாயின் தந்தை குட்மல் ரங்க ராவ் மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வத பிராமணர். தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட மக்களுக்காக 1897இல் மங்களூரில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் மிஷனைத் தொடங்கி, அவர்களுடைய குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி, அதற்காகச் சொந்தச் சாதியின் வெறுப்பைச் சம்பாதித்த மனிதர். ராதாபாயும் சாதாரண ஆள் இல்லை. 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். அதே மாநாட்டில்தான் பாபாசாகேப் அம்பேத்கரும் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் திருமணத்தால் ஜமீனுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. நிலம் கையில் இருந்தது. வெள்ளைக்கார அரசின் மரியாதை இருந்தது. சட்டமன்றத்தில் நிலவுடைமையாளர்களுக்கென்றே தனித் தொகுதி இருந்தது, அதன் வழியாகத்தான் அவர் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். ஜமீன்தாரை ஊர் விலக்கி வைக்க முடியாது, ஏனென்றால் ஊரே ஜமீன்தார் நிலத்தில் இருந்தது. சாதியை மீறும் உரிமை அவருக்குச் சட்டத்தால் வந்தது அல்ல. சொத்தால் வந்தது. பட்டறை முதலாளி பெருமைப்பட்டது சாதி மறுப்பைப் பார்த்து அல்ல தோழர்களே, அந்தச் சொத்தின் பலத்தைப் பார்த்துத்தான்.

இனி அரசியல். 1926 தேர்தலில் சென்னை மாகாணத்தில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்கள் பெற்றது. நீதிக்கட்சி 21 இடங்களோடு நின்றுவிட்டது. சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் இரட்டையாட்சி முறையில் அமைச்சர் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கை உடையவர்கள். நீதிக்கட்சியும் முன்வரவில்லை. அப்போது ஆளுநராக இருந்த கோஷன் பிரபு சுப்பராயனைக் கூப்பிட்டு முதன்மந்திரி ஆக்கினார். சொந்தமாகப் பெரிய கட்சி எதுவும் இல்லாத ஒருவர். ஆளுநர் நியமித்த 34 உறுப்பினர்களின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அப்படி 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை மாகாணத்தின் முதல் இருக்கையில் இருந்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய பெரிய பதவி ஓர் ஆளுநரின் அழைப்பில் தொடங்கியது. அவருடைய கடைசிப் பதவி ஆளுநர் பதவி. இடையில் அவருடைய மிக முக்கியமான மசோதாவைக் கொன்றது ஓர் ஆளுநருக்கும் மேலே இருந்த கவர்னர் ஜெனரல்.

1928இல் சைமன் குழு விவகாரத்தில் அவருடைய அமைச்சரவையிலிருந்து ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் எஸ். முத்தையா முதலியார். அவர் கொண்டுவந்ததுதான் வகுப்புவாரி உரிமை ஆணையின் நடைமுறை வடிவம். அதற்கு முன் நீதிக்கட்சிக் காலத்திலேயே ஆணைகள் போடப்பட்டிருந்தன, ஆனால் அவை காகிதத்தில் கிடந்தன. முத்தையா முதலியார் செய்தது எளிமையான காரியம். ஒரு கணக்கு போட்டார். 12 வேலைகள் வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. சுழற்சி முறையில் இந்த வரிசைப்படி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

12இல் 1 என்பது 8.33 விழுக்காடு. மக்கள்தொகையில் நம்முடைய பங்குக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை. அந்த ஒன்றுக்குள்ளும் யார் போனார்கள் என்று கேட்டால், இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும் எண்ணிக்கையில் வாழும் அருந்ததியர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சங்கடமானது. அதனால்தான் 2009இல், எண்பது ஆண்டுகள் கழித்து, பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலில் அரசு வேலைக்குப் போன ஆள் 2009க்குப் பிறகுதான் போனார். என் அம்மாயி அந்தப் பணி ஆணையைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாமல், அதில் இருந்த முத்திரையை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார்.

குறைகள் இருந்தாலும் அந்த 1928 கணக்கில் ஒரு குணம் இருந்தது. அது யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. “உங்கள் அலுவலகத்தில் ஒரு ஆதிதிராவிடர் உட்கார உங்களில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று குமாஸ்தாக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. எண்ணைச் சொன்னது, நிரப்பு என்றது. அதனால்தான் அது நிலைத்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது தமிழ்நாடு கொதித்தது, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. இன்று நாம் அனுபவிக்கும் இடஒதுக்கீட்டின் வேர்களில் ஒன்று சுப்பராயன் தலைமையில் இருந்த அமைச்சரவையின் காலத்தில் ஊன்றியது. அந்தப் பெருமை முதலில் முத்தையா முதலியாருக்கும் அதற்காகப் போராடிய இயக்கத்துக்கும் உரியது. சுப்பராயனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவது விஷயம். 1932. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. தனி வாக்காளர் தொகுதி போய்விட்டது. அதற்கு ஈடாகச் சாதி இந்துக்கள் ஏதாவது செய்து காட்ட வேண்டிய கட்டாயம். எல்லோரும் கோயில் நுழைவு பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. குருவாயூர் கோயிலைத் திறக்கச் சொல்லி கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். பிறகு அந்த வட்டாரத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கவனியுங்கள், அதில் வாக்களித்தவர்கள் ஏற்கெனவே கோயிலுக்குள் போகும் உரிமை பெற்றிருந்த சாதி இந்துக்கள். வெளியே நின்றவர்களுக்கு ஓட்டு இல்லை. அந்தச் சாதி இந்துக்களிலேயே வாக்களித்தவர்களில் 77 விழுக்காட்டினர் திறக்கலாம் என்றார்கள். கோயில் திறந்ததா? இல்லை. வழக்கத்தை மாற்றத் தர்மகர்த்தாவுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1947 வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

இந்தச் சட்டத் தடையை நீக்கத்தான் சுப்பராயன் சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போது அவர் ஆட்சியில் இல்லை. 1932 நவம்பரில் கோயில் நுழைவுச் சட்டம் வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானமும் போட்டது. ஒரு கவுண்டர் ஜமீன்தார் அந்த நாளில் இப்படி ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு நின்றது சின்ன விஷயம் இல்லை. சனாதனிகள் அவர்மீது பாய்ந்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை செய்வோம். ஆனால் மசோதாவுக்குள் என்ன இருந்தது? கோயிலை வழிபடும் சாதி இந்துக்களில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டால் கோயிலைத் திறக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் திறக்க வேண்டியதில்லை.

இந்த மசோதாவைச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்யவே கவர்னர் ஜெனரலின் அனுமதி தேவை. வெலிங்டன் பிரபு 1933 ஜனவரி 23இல் அனுமதி மறுத்தார். இது இந்தியா முழுவதையும் பாதிக்கும் பிரச்சினை, ஒரு மாகாணம் தனியாகச் செய்ய முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் பெரும்பான்மையின் சம்மதத்தை நம்பிய மசோதாதான். 1934இல் அதுவும் கைவிடப்பட்டது.

ரங்க ஐயர் மசோதாவை ஆதரிக்கும்படி அம்பேத்கரைக் கேட்டார்கள். 1933 பிப்ரவரியில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். தீண்டாமை பாவம் என்று இந்த மசோதா எங்கேயாவது சொல்கிறதா என்று கேட்டார். பாவம் என்றால் பெரும்பான்மையினர் அதைச் செய்கிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடுமா என்று கேட்டார். ஒழிக்க வேண்டியதை ஒழிக்க வேண்டும், அதற்கு ஓட்டு எதற்கு? இந்தியர்களுக்கு இடமில்லை என்று பலகை மாட்டிய வெள்ளைக்காரர் கிளப் வாசலில் போய் இந்துக்கள் கெஞ்சுகிறார்களா என்றும் கேட்டார். கோயிலைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் பிரச்சினை, எங்களுக்கு வேண்டியது கல்வி, வேலை, வாழ்வு, மரியாதை என்பது அவருடைய நிலை.

தோழர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1928 ஆணை, 1932 மசோதா. இரண்டிலும் சுப்பராயன் இருக்கிறார். ஒன்று எண்ணைச் சொல்லிக் கட்டளை இட்டது. இன்னொன்று ஒடுக்குபவனிடம் போய், உன் சௌகரியம் எப்படி என்று கேட்டது. முன்னது குறைபாடுகளோடும் நம் வீடுவரை வந்து சேர்ந்தது. பின்னது நூலகத்தில் கிடக்கிறது. நாம் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். ஒரு சீர்திருத்தம் வந்தால் முதலில் கேளுங்கள்: இது யாருடைய அனுமதியை எதிர்பார்க்கிறது?

கதை இன்னும் முடியவில்லை. சுப்பராயன் காங்கிரசுக்குப் போனார். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் கையில். ராஜாஜியையும் இந்தப் பகுதிக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சேலத்தில் வக்கீல், சேலம் நகராட்சித் தலைவர், பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தவர், பின்னாளில் மேற்கு வங்க ஆளுநரும் நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனவர். 1938இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர் ஒருவரே கொண்டுவந்த மசோதா. பிரதமர் ராஜாஜி அதை எதிர்த்தார், மசோதா தோற்றது. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே நோக்கத்துக்காக மசோதா எழுதியவர் அந்த அமைச்சரவையில் சட்ட அமைச்சர். அவர் பதவி விலகவில்லை. மலபாருக்கு மட்டும் அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதுவும் பழைய சரக்குதான், சாதி இந்துக்களின் சம்மதத்தோடு திறக்கும் சட்டம்.

அதே காலத்தில் பள்ளிகளில் கட்டாய இந்தி. கல்வி அமைச்சர் சுப்பராயன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1939 ஜனவரியில் நடராசன் சிறைவாசத்தில் இறந்தார். அவர் ஓர் ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞர். மார்ச்சில் தாளமுத்து இறந்தார். அமைச்சரவை விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் ஆளுநர்தான் கட்டாய இந்தியை நீக்கினார். இங்கே ஒரு திருப்பத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1955இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் சுப்பராயன் உறுப்பினராக இருந்தார். ஆணையத்தின் அறிக்கை இந்திக்குச் சாதகமாக வந்தபோது அதை ஏற்காமல் மாற்றுக் குறிப்பு எழுதியவர்கள் இருவர். வங்கத்தின் சுனிதி குமார் சாட்டர்ஜி, தமிழ்நாட்டின் சுப்பராயன். மனிதர்கள் மாறுகிறார்கள். ஆனால் நடராசனும் தாளமுத்துவும் அந்த மாற்றத்தைப் பார்க்க உயிரோடு இல்லை.

1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் சுப்பராயன் உள்துறை அமைச்சர். அந்த ஆட்சியில்தான் 1947ஆம் ஆண்டின் சென்னை கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தில் ஓட்டு இல்லை. வழக்கம் எதுவாக இருந்தாலும், கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தவை என்று நேரடியாகச் சொன்னது. 1932இல் தயங்கித் தயங்கிக் கேட்டதை 1947இல் கேட்காமலே செய்ய முடிந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. அரசியல் நிர்ணய சபையிலும் சுப்பராயன் உறுப்பினராக இருந்தார்.

அதற்குப் பிந்தைய பதவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர், மாநிலங்களவை உறுப்பினர், 1957இல் இதே திருச்செங்கோடு தொகுதியின் மக்களவை உறுப்பினர், நேரு அமைச்சரவையில் போக்குவரத்துத் துறை. இடையே பல ஆண்டுகள் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். ஒரு மகன் ராணுவத் தளபதி ஆனார். மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். பேரன் ரங்கராஜன் காங்கிரசில் சேலம் எம்.பி.யாக இருந்து, பிறகு பா.ஜ.க.வில் ஒன்றிய அமைச்சர் ஆனார். ஒரே வீட்டில் இத்தனை கொடிகள். எந்தக் கொடி பிடித்தாலும் கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது.

1962 ஏப்ரல் 17இல் மகாராஷ்டிர ஆளுநர் பதவி. அக்டோபர் 6இல் மரணம். ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த மண் எது என்று பாருங்கள். மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்கப் போராடிய மண். நாசிக் காலாராம் கோயில் வாசலில் ஆண்டுக்கணக்கில் நின்று பார்த்த மண். அந்த மக்கள் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பாபாசாகேப்போடு லட்சக்கணக்கில் பௌத்தத்துக்குப் போய்விட்டார்கள். கோயில் கதவைத் திறக்கச் சாதி இந்துக்களிடம் சம்மதம் கேட்டு மசோதா எழுதியவர் ஆளுநராகப் போனபோது, அந்தக் கதவே எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு மக்கள் கூட்டம் வெளியேறி ஆறு ஆண்டுகள் ஆகப்போகிறது. அவர் அதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரி, இது பழைய கதை, இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். மேலே மலையைப் பாருங்கள். அர்த்தநாரீசுவரர் கோயில். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று சொல்லி நிற்கிற சாமி. 2015 ஜூன் மாதம் ஓமலூரைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞர் தன்னோடு படித்த தோழியோடு அந்தக் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் அவர் உடல் கிடைத்தது. கோகுல்ராஜ் கொலை வழக்கு. கோயிலின் கண்காணிப்புக் கேமராதான் சாட்சி சொன்னது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023இல் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் அதை உறுதி செய்தது. ஜமீன்தார் தன் சாதிக்கு வெளியே திருமணமே செய்தார், அது பெருமை. அதே வட்டாரத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணோடு கோயிலில் உட்கார்ந்து பேசினான், அது மரண தண்டனை. பட்டறை முதலாளியின் மௌனத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது.

2023 ஜனவரியில் சேலத்துக்குப் பக்கத்தில் திருமலைகிரியில் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆளும் கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஒருவர் கேவலமாகத் திட்டும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர் கைது செய்யப்பட்டார். 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலித் மக்கள் வழிபடுவதை ஒட்டி மோதல், கடைகள் எரிந்தன. 1947 சட்டம் இருக்கிறது. அரசியல் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரைக் கோயிலுக்குள் போக விடாமல் தடுப்பது தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

ஏனென்றால் 1932 மசோதா இன்னும் சாகவில்லை தோழர்களே. அது வேறு பெயரில் உயிரோடு இருக்கிறது. அதன் இன்றைய பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை.

எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊரில் நம் மக்கள் கோயிலுக்குள் போக வேண்டும் என்கிறார்கள். உடனே தாசில்தார் அலுவலகத்தில் இரு தரப்பையும் கூப்பிடுவார்கள். ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் அதிகாரி. “ஊர்ல சுமுகமா இருக்கணும், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க” என்பார்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் கோயிலைப் பூட்டி சீல் வைப்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட உரிமையை, அதை மறுக்கிறவனின் சம்மதத்துக்கு விடுவதற்குப் பெயர் என்ன? அது வாக்கெடுப்புதான். வெளியே நிற்பவனுக்கு ஓட்டு இல்லாத, குருவாயூர் வாக்கெடுப்பு. அப்படி ஒரு மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பெரியவர்கள் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் திருவிழாவுக்குக் கோயில் பக்கம் போக மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கோயில் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இங்கே இருப்பீர்கள். நானும் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் போகாமல் இருப்பது என் முடிவாக இருக்க வேண்டும். அடுத்த தெருக்காரன் எனக்காக எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. நாக்பூரில் வெளியேறியவர்கள் தாங்களே முடிவு செய்து வெளியேறினார்கள்.

எனவே மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்கள் ஊரில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் நம் பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கூடப் போங்கள். இரண்டு, 1947 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியது அவர்கள் சம்மதத்தைப் பற்றி அல்ல, எந்தத் தேதியில் எத்தனை போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போகிறோம் என்பதைப் பற்றி மட்டும்தான் என்று மனுவில் எழுதுங்கள். மூன்று, உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போடச் சொல்லி வற்புறுத்தினால் அதையே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

சுப்பராயனை எப்படி நினைவில் வைப்பது என்று என்னைக் கேட்டால், சாதிச் சங்கங்கள் போடும் பெருமைப் பட்டியலில் இருந்து அவரை வெளியே எடுத்து வந்து நினைவில் வைப்போம். அவர் தலைமையில் இருந்த அமைச்சரவை போட்ட கணக்குக்கு நன்றி சொல்வோம். அவர் எழுதிய மசோதாவிடமிருந்து பாடம் கற்போம். அடுத்த முறை ஒரு கதவின் முன் நிற்கும்போது உள்ளே இருப்பவர்களிடம் ஓட்டு கேட்காமல் நடப்போம்.